வீதியும் நீதியும்

சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்னும் கோட்பாடு ஏட்டில் ஏறி நெடுங்காலமாயிற்று. நடைமுறையில் அது எவ்வளவு தூரம் மெய்யென அறிய விரும்புவோர் பெரும் வழக்குகளைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை; வீதிக்கு வந்தால் போதும். வேக வரம்பை மீறியவன் தச்சனாயினும் பிரபுவாயினும் சட்டம் ஒன்றே என்கிறார்கள். அவ்வரம்பைக் காக்க நியமிக்கப்பட்ட பொலிஸ்காரரே அதனை மீறினால், அவரை நிறுத்துபவர் யார்? விசாரிப்பவர் யார்? இவ்வினாக்களோடு பிரித்தானியா ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மல்லாடி வந்திருக்கிறது. பொலிஸ் முறையை அந்நாட்டு ஆட்சியின் கீழ்ப் பெற்றுக்கொண்ட நாம் அவ்வரலாற்றை அறிந்திருத்தல் பயனுடையது.

மோட்டார் வண்டி தோன்றும்வரை இங்கிலாந்தின் பொலிஸ்காரரும் கனவான்களும் நேருக்கு நேர் மோதும் சந்தர்ப்பம் அரிதாகவே இருந்தது. தெருவில் சரக்கு விற்பவன், குடித்துத் தள்ளாடும் கூலியாள், வேலை தேடி ஊர் ஊராக அலையும் ஏழை ஆகியோர் மீதே பொலிசாரின் கை விழுந்தது. 1903ஆம் ஆண்டின் மோட்டார் வண்டிச் சட்டம் இந்நிலையை மாற்றிற்று. வண்டிக்கு இலக்கத் தகடு, சாரதிக்கு அனுமதிப்பத்திரம், மணிக்கு 20 மைல் என்னும் வேக வரம்பு ஆகியவற்றை அது விதித்தது. அந்நாளில் மோட்டார் வைத்திருந்தோர் செல்வந்தரே. வேலியோரம் மறைந்திருந்து, அளந்து குறித்த தூரத்தை வண்டி கடக்கும் நேரத்தைக் கணித்து, சாதாரணக் கொன்ஸ்தாபிள் ஒருவர் சீமானை நீதவான் முன் நிறுத்தும் நிலை உருவாயிற்று.

சீமான்கள் வாளாவிருக்கவில்லை. 1905இல் அவர்கள் ஓட்டோமொபைல் அசோசியேசன் என்னும் சங்கத்தை நிறுவினர். சைக்கிளில் சுற்றிய சங்க ஊழியர்கள், பொலிசார் பதுங்கியிருக்கும் இடங்களை உறுப்பினருக்கு முன்கூட்டியே அறிவித்தனர். வேகமாக வருவோரை இவ்வாறு எச்சரித்தல் பொலிசாரின் கடமைக்கு இடையூறு விளைப்பதாகும் என 1910இல் நீதிமன்றம் தீர்த்தது. உடனே சங்கம் வேறோர் உபாயம் கண்டது. ஊழியன் சலாம் போட்டால் வழியில் இடரில்லை. போடாவிட்டால் பொலிஸ் காத்திருக்கிறது. சலாம் போடாமைக்காக எவரையும் தண்டிக்க முடியாதன்றோ! தெருவில் பந்தயம் கட்டுவதைக் குற்றமாக்கிய 1906ஆம் ஆண்டின் சட்டம், குதிரைப் பந்தய மைதானத்தை மட்டும் விலக்கி வைத்ததும் இக்காலத்திலேயே. பொலிசாருக்கு விலக்கு உண்டா என்ற கேள்வி எழுமுன்னரே, பணத்துக்கு விலக்கு உண்டென்பது தெளிவாகிவிட்டது.

1930ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம் கார்களுக்கான வேக வரம்பையே நீக்கியது. 1934இல் மட்டும் பிரித்தானிய வீதிகளில் 7,343 பேர் மாண்டனர். அவர்களுட் பெரும் பகுதியினர் பாதசாரிகளும் சைக்கிளில் செல்வோரும் ஆவர். அவ்வாண்டு நிறைவேறிய புதிய சட்டம், குடியிருப்புப் பகுதிகளில் மணிக்கு 30 மைல் என்னும் வரம்பை விதித்தது. 1935 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. தீயணைப்பு வண்டி, அம்புலன்ஸ், பொலிஸ் வண்டி ஆகிய மூன்றுக்கும் அச்சட்டம் விலக்களித்தது. ஆனால் அவ்விலக்கு நிபந்தனையற்றதன்று. வரம்பைப் பேணினால், அவ்வேளையில் வண்டி மேற்கொண்டுள்ள பணிக்குத் தடை நேரக்கூடும் என்றிருந்தாலன்றி அது செல்லாது. ஆகவே விலக்கு வேலையைச் சார்ந்தது. வேலை இல்லாத வேளையில் பொலிஸ் வண்டியும் ஏனைய வண்டிகளைப் போன்றதே. நோயாளியிடம் தமது காரில் விரையும் வைத்தியருக்கு இவ்விலக்குக் கிட்டவில்லை என்பதும் கருதத்தக்கது.

விலக்கின் எல்லையை நீதிமன்றமும் ஒருமுறை தெளிவாகவே வரைந்தது. கடமையின் பொருட்டு வரம்பை மீறி விரைந்த பொலிஸ் மோட்டார் சைக்கிள் ஒன்று பாதசாரியொருவரை மோதிய வழக்கு 1959இல் விசாரணைக்கு வந்தது. வேக வரம்பிலிருந்து விலக்குண்டாயினும், வீதியில் உள்ள பிறர்பால் காட்ட வேண்டிய கவனத்தில் பொலிஸ்காரருக்கும் குடிமகனுக்கும் வேறுபாடில்லை என அதில் தீர்க்கப்பட்டது.

அதே ஆண்டில், வீதியில் தொடங்கிய மற்றொரு விவகாரம் பாராளுமன்றம்வரை சென்றது. லண்டனில் 1958ஆம் ஆண்டு, பிரபல நகைச்சுவை நடிகர் பிரையன் ரிக்ஸ் வேகமாகக் காரோட்டியதற்காக ஒரு கொன்ஸ்தாபிளால் நிறுத்தப்பட்டார். அவ்விடத்தில் அரசாங்க உத்தியோகத்தர் ஒருவருக்கும் கொன்ஸ்தாபிளுக்கும் வாக்குவாதம் மூண்டது. தம்மைத் தாக்கியதாகவும் சட்டவிரோதமாகத் தடுத்து வைத்ததாகவும் உத்தியோகத்தர் வழக்குத் தொடர்ந்தார். லண்டன் பொலிஸ் தலைமை, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே 300 பவுண் கொடுத்து வழக்கை முடித்தது. கொன்ஸ்தாபிள் மீது ஒழுக்காற்று நடவடிக்கை எதுவுமில்லை. அவர் குற்றமற்றவரெனில் பணம் எதற்கு? குற்றவாளியெனில் தண்டனை எங்கே? 1959 நவம்பரில் இக்கேள்விகளைத் தொழிற் கட்சியினர் எழுப்பினர். பொலிஸ் முறை பற்றி ஆராய அரச ஆணைக்குழு ஒன்று அமைக்கப்படும் என உள்நாட்டு மந்திரி பட்லர் அறிவித்தார்.

இங்கு நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். 1932இல் வேலையற்ற தொழிலாளர் நடத்திய பட்டினி ஊர்வலத்தைப் பொலிசார் நடத்திய விதம் கண்டு கொதித்தவர்களே, 1934இல் குடியுரிமைச் சுதந்திரங்களுக்கான தேசிய மன்றத்தை நிறுவினர். அன்று அரச ஆணைக்குழு எதுவும் அமைக்கப்படவில்லை. 1950களின் இறுதியில் பொலிசாரின் மதிப்பைக் குலைத்த சம்பவங்கள் வேறு சிலவும் இருந்தன எனினும், பாராளுமன்றத்தை அசைத்தது காரோட்டும் மத்திய வகுப்பார் சம்பந்தப்பட்ட இவ்வழக்கே. உழைப்பாளி மக்கள் நெடுநாள் அறிந்திருந்த உண்மை, மேலிடத்தாரின் கார் நிறுத்தப்பட்டபோதுதான் நாட்டின் பிரச்சினையாயிற்று.

வில்லிங்க் தலைமையிலான ஆணைக்குழு 1962இல் தன் இறுதி அறிக்கையை வெளியிட்டது. அதன் வழிவந்த 1964ஆம் ஆண்டின் பொலிஸ் சட்டம் இரு காரியங்களைச் செய்தது. கொன்ஸ்தாபிள் கடமையில் இழைக்கும் தீங்குக்குப் பிரதம கொன்ஸ்தாபிள் பொறுப்பாளியாக்கப்பட்டார். நட்டஈடு பொது நிதியிலிருந்து கிடைக்க வழி பிறந்தது. பொதுமக்களின் முறைப்பாடுகளைப் பதிந்து விசாரிப்பதும் கட்டாயமாயிற்று. விசாரிப்பவரோ பொலிஸ் அதிகாரியே. வேண்டுமாயின் வேறொரு பிராந்தியத்துப் பொலிஸ் அதிகாரியை அழைத்துக்கொள்ளலாம், அவ்வளவே. சுதந்திரமான விசாரணைக் குழு வேண்டும் என்ற யோசனையை ஆணைக்குழுவின் பெரும்பான்மையினர் ஏற்கவில்லை. அவ்வாறு மறுக்கப்பட்டதை அடைய அந்நாட்டு மக்கள் பல்லாண்டுகள் போராட நேர்ந்தது. 1977இல் முறைப்பாட்டுச் சபை, 1985இல் முறைப்பாட்டு அதிகார சபை, 2004இல் சுதந்திர ஆணைக்குழு, 2018இல் அதன் இடத்தில் புதிய அலுவலகம் என அமைப்புகள் மாறி மாறி வந்தன.

விலக்குக்கான நிபந்தனை தேய்ந்த கதையும் உண்டு. 2003 டிசம்பரில், பணியிலிருந்த கொன்ஸ்தாபிள் ஒருவர் 70 மைல் வரம்புடைய நெடுஞ்சாலையில் மணிக்கு 159 மைல் வேகத்தில் பொலிஸ் காரை ஓட்டினார். எவரையும் துரத்திச் செல்லவில்லை. புதிய வண்டியைப் பழகிப் பார்த்ததாகக் கூறினார். 2005இல் அவர் விடுவிக்கப்பட்டார்; 2006இல் மேல் நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளிற்று. 2007இல் அதே நீதிமன்றம், சாரதியின் விசேட திறமையையும் கணக்கிற் கொள்ளலாம் என்றது. 2009இல் வேறொரு பொலிஸ்காரரின் வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அக்கருத்தை நிராகரித்தது. ஓட்டும் முறை ஆபத்தானதா என்பதற்குத் திறமையான, கவனமான சாதாரண சாரதியே அளவுகோல் என உறுதி செய்தது. ஆனால் 2022ஆம் ஆண்டின் சட்டம் அவ்வளவுகோலைப் பொலிசாருக்கு மாற்றிவிட்டது. பொலிஸ் தேவைக்காக ஓட்டும், பயிற்சி பெற்ற பொலிஸ்காரரை, அதே பயிற்சி பெற்ற கவனமான பொலிஸ்காரரோடு ஒப்பிட்டே இனி மதிப்பிட வேண்டும்.

இம்மாற்றத்துக்கு நியாயம் அறவே இல்லையென நாம் கூறவில்லை. கொலைகாரனைத் துரத்தும்படி பணித்து, துரத்தியபின் சாதாரண சாரதியின் அளவுகோலால் தண்டிப்பது முறையாகாது என்னும் வாதத்தில் வலிமை உண்டு. ஆயினும் சாரதி பெற்ற பயிற்சியைக் குறுக்கே நடக்கும் கிழவி பெற்றிருக்கவில்லை. மேலும் ஒரு தொழிலாரை அத்தொழிலாரின் வழக்கத்தைக் கொண்டே அளப்பின், வழக்கம் தளரும்போது அளவுகோலும் தளராதா?

நமது நாட்டில் 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டம் குடியேற்ற ஆட்சி விட்டுச்சென்ற சொத்து. முறைப்பாடுகளை விசாரிக்கும் பணியோடு தேசிய பொலிஸ் ஆணைக்குழுவை அரசியலமைப்பின் 17ஆவது திருத்தம் ஏற்படுத்தியதோ 2001இலேயே. எனவே பொலிசாருக்குச் சலுகை உண்டா என வாதிடும் ஆசிரியரும் மாணவரும் பொதுப்படையாகக் குமுறுவதோடு அமையாது மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக வேண்டும். விலக்கு எந்த வேலைக்காகத் தரப்பட்டது? அந்த வேலை அவ்வேளையில் இருந்ததா எனத் தீர்மானிப்பவர் யார்? தீங்குற்றவனுக்கு நட்டஈட்டோடு விசாரணையின் முடிவும் தெரிவிக்கப்படுகிறதா? 300 பவுணைப் பெற்றுக்கொண்ட லண்டன் உத்தியோகத்தருக்கு முதலிரு கேள்விகளுக்கும் விடை கிடைக்கவில்லை. வழக்குத் தொடர வசதியற்ற தொழிலாளிக்கு அந்தப் பணமும் கிடைத்திராது.