குளிர்காலக் கடன் - 4: கார்டிகன் போட்ட அதிபர்

1977 ஜனவரி 28, வெள்ளிக்கிழமை. நண்பகல் நெருங்கும் நேரம். அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில் எதிரே நிற்கிற ஆள் கண்ணுக்குத் தெரியவில்லை.

வானத்திலிருந்து அன்றைக்கு விழுந்த பனி கொஞ்சம்தான். மற்றதெல்லாம் ஏரியிலிருந்து வந்தது. ஈரி ஏரி டிசம்பர் நடுவிலேயே உறைந்துபோயிருந்தது. அதன்மேல் வாரக்கணக்கில் கொட்டிக்கிடந்த பனித்தூளைச் சூறைக்காற்று வாரிக்கொண்டு வந்து ஊர்மேல் போட்டது. கார்கள் மறைந்தன. மிருகக்காட்சிசாலையில் வேலி உயரத்துக்குப் பனி மேடிட, மூன்று ரெயின்டீர் மான்கள் அதன்மேல் ஏறி நிதானமாக நடந்து ஊருக்குள் போய்விட்டன. பத்திரிகைகளுக்கு நல்ல தீனி. அந்தப் புயலில் செத்தவர்கள் 29 பேர். சிலர் புதைந்த கார்களுக்குள்ளேயே.

நம் கதை நடப்பது தெருவில் அல்ல, வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிற தெர்மோஸ்டாட்டில். மார்கழிக்கு ஒரு கம்பளி போதும் என்று வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடாது. அங்கே வீட்டைச் சூடாக வைத்திருப்பது அரிசி பருப்பு மாதிரி ஒரு செலவு. அதை நிறுத்தினால் முதலில் குழாய்க்குள் தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கும். அடுத்து, வீட்டிலிருக்கும் கிழவர்களின் உயிருக்கு ஆபத்து.

1973 எண்ணெய்த் தடைக் காலத்தில் மெய்ன் மாநிலத்தார் ஏழை வீடுகளின் இடுக்குகளை அடைத்துக் குளிரைத் தடுத்ததைப் போன வாரம் பார்த்தோம். இடுக்கை அடைக்கலாம். குழாயில் எரிவாயுவே வராவிட்டால்?

வரவில்லை. ஒஹையோவிலும் பென்சில்வேனியாவிலும் தொழிற்சாலைகள் நின்றன, பள்ளிக்கூடங்களைப் பூட்டினார்கள். நாட்டில் எரிவாயு இல்லாமல் இல்லை. டெக்சாஸிலும் லூசியானாவிலும் இருந்தது. மாநில எல்லை தாண்டி விற்றால் மத்திய அரசு நிர்ணயித்த விலைதான் கிடைக்கும்; எல்லைக்குள்ளேயே விற்றால் கேட்ட விலை கிடைக்கும். எந்த வியாபாரி எல்லை தாண்டுவார்? ஏழைக்கு மலிவாகக் கிடைக்கட்டும் என்று வைத்த உச்சவரம்பு, குளிர் முற்றிய நாளில் அந்த ஏழையின் அடுப்பை அணைக்கப் பார்த்தது.

ஜிம்மி கார்ட்டர் அதிபராகிப் பதின்மூன்றே நாள். பிப்ரவரி 2 அன்று அவசர இயற்கை எரிவாயுச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு வாயுவைத் திருப்பிவிடும் அதிகாரம் அவருக்கு வந்தது. ஜூலை 31 வரை உச்சவரம்பைத் தாண்டிய விலைக்கும் வாயு வாங்கலாம் என்று சட்டம் சொன்னது. இந்த இரண்டாவது விஷயத்தை மறந்துவிடாதீர்கள்.

அன்றிரவே தொலைக்காட்சியில் தோன்றினார். கோட் இல்லை. வெள்ளை மாளிகை நூலகத்தில், கணப்பின் பக்கத்தில், வெளிர் பழுப்புக் கம்பளி கார்டிகன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தெர்மோஸ்டாட்டைப் பகலில் 65 டிகிரி ஃபாரன்ஹீட், இரவில் 55 என்று வையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். நம் கணக்கில் 18, 13 செல்சியஸ். அந்த கார்டிகனைப் பாராட்டியவர்களும் உண்டு, கிண்டலடித்தவர்களும் உண்டு. எனக்கு உறுத்துவது வேறு. கையில் காசில்லாத வீட்டில் அந்தத் திருகை எப்போதோ அதற்கும் கீழே இறக்கியிருப்பார்கள். அவர்களிடம் இன்னும் எதைக் குறைக்கச் சொல்வது?

புயல் ஓய்ந்தது. பில் வந்தது.

வழக்கத்தைவிட அதிகம் எரித்த மாதத்தின் பில், அதுவும் விலையேறிய வாயுவுக்கு. வேலை நிறுத்திவைக்கப்பட்ட தொழிலாளியின் வீட்டுக்கும் வந்தது, ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் கிழவியின் வீட்டுக்கும் வந்தது. உறைபனியில் இணைப்பைத் துண்டித்தால் ஊர் தூற்றும் என்று நிறுவனங்கள் யோசிக்கும். வசந்தம் வந்தபின் அந்தத் தயக்கம் இருக்காது. நிலுவை நோட்டீசுக்குத் தோதான பருவம் அதுதான்.

அமெரிக்க நாடாளுமன்றம் 20 கோடி டாலர் ஒதுக்கியது. ஏழைகளின் எரிபொருள் பில்லுக்காக மத்திய அரசு ஒதுக்கிய முதல் பெருந்தொகை அது. துணை நிதி ஒதுக்கீட்டுச் சட்டம் நிறைவேறிய தேதியைப் பாருங்கள்: 1977 மே 4. பஃபலோவில் பனி உருகி, மரம் துளிர்த்துவிட்ட நேரம்! ஜனவரிக் குளிருக்கு மே மாதத்தில் மருந்து. பழைய பாக்கியை அடைக்க உதவியது என்பது உண்மை. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நடுங்கியவர்கள் நடுங்கி முடித்த பிறகு வந்தது என்பதும் உண்மை.

பணத்தைப் பட்டுவாடா செய்யும் வேலை சமூக சேவை நிர்வாகம் என்ற மத்திய அமைப்பிடம் போனது. லிண்டன் ஜான்சன் தொடங்கிய வறுமை ஒழிப்புப் போரின் மிச்சம் அது. அடுத்த இரண்டு ஆண்டுகளும் இதே கதை, தொகையும் ஏறக்குறைய அதேதான். ஒவ்வொரு முறையும் ஓராண்டுத் திட்டம், ஒவ்வொரு முறையும் பெயரில் ‘அவசரம்’. குளிர்காலம் நாட்காட்டி பார்த்து வருகிறது. அரசாங்கம் மட்டும் ஆண்டுதோறும் திடுக்கிட்டு எழுந்தது.

பிறகு 1979 ஜனவரி 16. ஈரானின் மன்னர் ஷா விமானமேறி நாட்டைவிட்டுப் போனார். எண்ணெய் விலை ஏறத் தொடங்கியது. அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் லட்சக்கணக்கான வீடுகள் நிலவறைத் தொட்டியில் எண்ணெய் நிரப்பித்தான் குளிரைச் சமாளித்தன. இனி 20 கோடி எந்த மூலைக்கு?

ஏப்ரல் 5 அன்று கார்ட்டர் மறுபடி மக்கள்முன் பேசினார். உள்நாட்டு எண்ணெய் மீதான விலைக் கட்டுப்பாட்டைப் படிப்படியாக நீக்கப்போவதாக அறிவித்தார். அதனால் கம்பெனிகளுக்குத் தானாக வந்து குவியும் லாபத்துக்கு வரி போட்டு, அதில் ஒரு பங்கை ஏழைக் குடும்பங்களுக்குத் தருவது திட்டம். முதல்முறையாக, பணம் எங்கிருந்து வரும் என்பதற்கும் பதில் கிடைத்தது.

ஆனால் வரி மசோதா எதுவானாலும் செனட்டின் நிதிக் குழுவைத் தாண்டித்தான் ஆக வேண்டும். 1966 முதல் அதன் தலைவர் நாற்காலியில் இருந்தவர் ரஸ்ஸல் லாங். எண்ணெய் வளம் கொழிக்கும் லூசியானாவின் செனட்டர். எண்ணெய்த் தொழிலின் நண்பர் என்று வாஷிங்டன் முழுக்கப் பெயரெடுத்தவர்.

அவருடைய அப்பா யார் தெரியுமா? பணக்காரர்களின் சொத்தைப் பிடுங்கி ஏழைகளுக்குப் பங்கிடுவோம் என்று முழங்கி, 1935ல் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியான ஹ்யூயி லாங்!

மசோதா மேசைக்கு வந்தபோது நாற்காலியில் இருந்தது அப்பாவின் பிள்ளையா, எண்ணெய்க் கிணறுகளின் பிள்ளையா?

(தொடரும்)