கம்ப்யூட்டர் ஆன் ஆகலையா? போனது மதர்போர்டா, எஸ்எம்பிஎஸ்ஸா? கண்டுபிடிப்பது எப்படி?

நேற்று ராத்திரி வரை நன்றாக ஓடிய கம்ப்யூட்டர், காலையில் பட்டனை அழுத்தினால் அசையவே இல்லை. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், "போர்டு போச்சு சார்" என்கிறார்கள். போர்டை மாற்றினால் அதற்கேற்ற ப்ராசஸர், ரேம் என்று செலவு இழுத்துக்கொண்டே போகும். அதற்குச் சம்மதம் சொல்வதற்கு முன் பார்க்க வேண்டிய பொருள் ஒன்று இருக்கிறது. அதுதான் எஸ்எம்பிஎஸ்.

சிபியு பெட்டிக்குள் பவர் கார்டு வந்து சேரும் இரும்பு டப்பாதான் இது. சுவரில் இருந்து வரும் 230 வோல்ட் ஏசி மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் டிசியாக மாற்றி மதர்போர்டு, ஹார்டு டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு எல்லாவற்றுக்கும் கொடுப்பது இதன் வேலை. இது சும்மா செத்துப்போனால் பரவாயில்லை. தரம் குறைந்தது என்றால், போகும்போது ஹார்டு டிஸ்கையும் அதிலுள்ள போட்டோ, ப்ராஜெக்ட் ஃபைல்களையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். வாரண்டியில் புது எஸ்எம்பிஎஸ் கிடைக்கலாம், போட்டோக்கள் கிடைக்காது.

முதலில் சுவரைப் பாருங்க

கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் இதைத் தவறவிடுகிறவர்கள் நிறைய. அதே பிளக் பாயிண்டில் செல்போன் சார்ஜர் வேலை செய்கிறதா? எஸ்எம்பிஎஸ் பின்பக்கத்தில் உள்ள சின்ன ஸ்விட்ச் ஆனில் இருக்கிறதா? பெட்டியைத் துடைக்கும்போது கை பட்டு அணைந்திருக்கலாம். பவர் கார்டை மாற்றிப் பாருங்கள். யுபிஎஸ் வழியாக ஓடுகிறது என்றால், அதை விட்டுவிட்டு நேரடியாகச் சுவரில் செருகிப் பாருங்கள்.

அறிகுறி என்ன சொல்கிறது?

பட்டனை அழுத்தியும் விளக்கோ ஃபேனோ எதுவுமே இல்லை என்றால் எஸ்எம்பிஎஸ் மீது சந்தேகம் வலுக்கும். மதர்போர்டில் ஒரு குட்டி விளக்கு எரிகிறது, ஆனால் ஆன் ஆகவில்லை என்றால், 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரம் மட்டும் வருகிறது என்று அர்த்தம். மற்ற வோல்டேஜ்கள் சரி என்பதற்கு அது சான்று இல்லை.

ஃபேன் ஒரு நொடி துடித்துவிட்டு நின்றுபோகிறதா? எங்கோ ஷார்ட் இருப்பதைப் பார்த்து எஸ்எம்பிஎஸ் தன்னையே நிறுத்திக்கொள்கிறது. பழுது அதிலும் இருக்கலாம், அதோடு இணைத்த வேறு பாகத்திலும் இருக்கலாம். ஒவ்வொரு முறையும் பவர் கார்டைக் கழற்றிவிட்டு, கிராபிக்ஸ் கார்டு, ஹார்டு டிஸ்க் என்று ஒவ்வொன்றாக எடுத்து, மறுபடி ஆன் செய்து பாருங்கள். எதை எடுத்ததும் ஓடுகிறதோ அதுதான் குற்றவாளி.

கேம் விளையாடும்போது மட்டும் திடீரென ரீஸ்டார்ட் ஆனால், லோடு தாங்கவில்லை என்று சந்தேகிக்கலாம். இந்த நேரத்தில் பலரும் விண்டோஸில் 'கெர்னல் பவர் 41' என்ற பதிவைப் பார்த்து எஸ்எம்பிஎஸ்தான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தப் பதிவு சொல்வது, கம்ப்யூட்டர் முறைப்படி ஷட் டவுன் ஆகவில்லை என்பதை மட்டும்தான். கரண்ட் போனாலும் அதே பதிவு வரும்.

கருகிய வாடை, 'டப்' என்ற சத்தம் வந்திருந்தால் வேறு எந்த டெஸ்ட்டும் வேண்டாம். மறுபடி ஆன் செய்யவே செய்யாதீர்கள்.

பேப்பர் கிளிப் டெஸ்ட்

டெக்னீஷியன்கள் செய்யும் பழைய சோதனை இது. பவர் கார்டைக் கழற்றி, எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்து போகும் எல்லா வயர்களையும் போர்டு, டிஸ்குகளில் இருந்து எடுத்துவிட வேண்டும். 24 பின் கனெக்டரில் பச்சை வயர் ஒன்றுதான் இருக்கும். அதையும் பக்கத்தில் உள்ள ஏதாவது ஒரு கருப்பு வயரையும் வளைத்த பேப்பர் கிளிப்பால் இணைத்துவிட்டு, பிறகுதான் கார்டைச் செருகி ஸ்விட்ச் போட வேண்டும். ஃபேன் சுற்றினால் உயிர் இருக்கிறது. ஆனால் சில விலை உயர்ந்த மாடல்களில் லோடு இல்லாதபோது ஃபேன் சுற்றாது. அதைப் பார்த்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

மல்டிமீட்டர் இருந்தால் விடை இன்னும் தெளிவாகக் கிடைக்கும். மஞ்சள் வயரில் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பில் 4.75 முதல் 5.25 வோல்ட், ஆரஞ்சில் சுமார் 3.14 முதல் 3.47 வோல்ட் வர வேண்டும். புதிய மாடல்களில் எல்லா வயரும் கருப்பாகவே இருக்கும். அப்போது குத்துமதிப்பாகக் கிளிப்பைச் செருகாமல் எஸ்எம்பிஎஸ் டெஸ்டர் உள்ள கடைக்குக் கொண்டுபோங்க.

இந்த டெஸ்ட்டில் பாஸ் ஆனாலும் முழு லோடில் தாங்கும் என்று சொல்ல முடியாது. நல்ல நிலையில் உள்ள வேறு எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. அப்படி மாற்றும்போது ஒரு பெரிய ஆபத்து உண்டு. கழற்றி மாட்டும் மாடுலர் வயர்கள் பிராண்டுக்குப் பிராண்டு வேறுபடும். பழைய வயரையே புதிய எஸ்எம்பிஎஸ்ஸில் செருகினால், கச்சிதமாகப் பொருந்தினாலும் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் ஹார்டு டிஸ்க் எரிந்துவிடலாம். டெல், எச்பி நிறுவனங்களின் சில டெஸ்க்டாப்களில் கனெக்டரே தனி வடிவம் என்பதால் கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் பொருந்தாது.

எக்காரணம் கொண்டும் டப்பாவைத் திறக்க வேண்டாம். கார்டைக் கழற்றிய பிறகும் உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம். உள்ளே பல்லி செத்துக் கிடக்கிறது என்று தெரிந்தாலும் சரி, அதை எடுப்பது டெக்னீஷியன் வேலை.

சரி, எந்த பிராண்ட் வாங்கலாம்?

பிராண்டை மட்டும் கேட்பது போதாது. பெட்டியில் பெயர் போட்டிருக்கும் பல நிறுவனங்கள் எஸ்எம்பிஎஸ்ஸைத் தாங்களே தயாரிப்பதில்லை. கோர்சேரின் ஆர்எம்எக்ஸ் வரிசையைச் செய்து கொடுப்பது சேனல் வெல் என்ற தைவான் நிறுவனம். சீசானிக் தானே தயாரிக்கிறது, மற்றவர்களுக்கும் செய்து கொடுக்கிறது. அதனால் ஒரே பிராண்டில் ஒரு மாடல் அருமையாகவும் இன்னொன்று சுமாராகவும் இருப்பது சகஜம்.

பெரிய பெயர்களும் சறுக்கியிருக்கின்றன. ஜிகாபைட்டின் ஜிபி-பி750ஜிஎம், ஜிபி-பி850ஜிஎம் மாடல்கள் பழுதாவதாகப் புகார் எழுந்து, அமெரிக்க யூடியூப் சேனலான கேமர்ஸ் நெக்சஸ் அவற்றைச் சோதித்துக் காட்டிய பிறகு, 2021 ஆகஸ்டில் குறிப்பிட்ட சீரியல் எண்களை மாற்றித் தருவதாக அந்நிறுவனம் அறிவித்தது. இரண்டுமே '80 பிளஸ் கோல்டு' ஸ்டிக்கர் ஒட்டியவை! கோர்சேரும் 2020-ல் தன் எஸ்எஃப் வரிசையில் சில லாட்களை மாற்றித் தந்தது. வெப்பமும் ஈரப்பதமும் அதிகமானால் பழுதாகலாம் என்பதே காரணம். நம்ம ஊர் கடற்கரை நகரங்களில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

அப்போ 80 பிளஸ் ஸ்டிக்கருக்கு என்ன அர்த்தம்? மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. எத்தனை வருஷம் உழைக்கும், ஷார்ட் ஆனால் உங்கள் போர்டைக் காப்பாற்றுமா என்பதெல்லாம் அதில் இல்லை. அந்தச் சோதனை நடப்பதும் 23 டிகிரி செல்சியஸ் அளவில். மே மாத மத்தியானம் ஏசி இல்லாத அறையில் சிபியு பெட்டிக்குள் என்ன வெப்பம் இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கடையில் நிற்கும்போது லேபிளைத் திருப்பி 12 வோல்ட் வரிசையில் உள்ள ஆம்பியரைப் பாருங்கள். அதை 12-ஆல் பெருக்கினால் உண்மையான பலம் தெரியும். 450 வாட் என்று பெரிதாக எழுதிவிட்டு 12 வோல்ட்டில் 17 ஆம்பியர் என்று போட்டிருந்தால், ப்ராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் கிடைப்பது 204 வாட்தான். அதுவே 36 ஆம்பியர் என்றால் 432 வாட், நம்பலாம். எடுத்துப் பார்த்தால் காற்று போல இருக்கும் டப்பாவையும் தவிர்த்துவிடுங்க.

அடுத்து வாரண்டி. நிறுவனம் தன் பொருளை எவ்வளவு நம்புகிறது என்பது இதில் தெரிந்துவிடும். கோர்சேர் ஆர்எம்எக்ஸுக்கு 10 வருஷம், சீசானிக் பிரைமுக்கு 12 வருஷம் தருகிறார்கள். அவ்வளவு விலை கட்டுப்படியாகாது என்றாலும் 5 வருஷ வாரண்டி உள்ளதைத் தேடுங்கள். மாடல் பெயரைப் போட்டு சைபனெடிக்ஸ் இணையதளத்தில் சோதனை அறிக்கையை இலவசமாகப் பார்க்கலாம்.

லேபிளில் பிஐஎஸ் முத்திரையோடு 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருந்தால், பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பாருங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் ஜிஎஸ்டி பில்லில் சீரியல் எண்ணைக் குறித்து வாங்குங்கள். வாரண்டிக்குப் போகும்போது முதலில் கேட்பது அதைத்தான்.