ஒரு விரிப்பும் முற்றத்து வெயிலும்

பமாக்கோ நகரின் பெரிய சிறைச்சாலைக்குப் பின்புறம் இருந்த தன் குடும்ப மனையில், 1948-ல் செய்து கெய்த்தா என்பவர் ஒரு புகைப்பட ஸ்டுடியோ தொடங்கினார். இன்றைய மாலி அப்போது பிரெஞ்சு சூடான் என்ற பெயரில் பிரான்சின் காலனியாக இருந்தது. தொழில் தொடங்க அவரிடம் இருந்தவை ஒரு முற்றம், அதன் சுவர், கொட்டிக்கிடந்த வெயில். பின்னணித் திரைக்குத் தன் கட்டிலில் கிடந்த குஞ்சம் வைத்த விரிப்பையே எடுத்து மாட்டினார்.

கெய்த்தா பள்ளிக்கூடம் போனவரல்ல; தச்சு வேலை பழகியவர். 1935-ல் செனகலுக்குப் போய்த் திரும்பிய சித்தப்பா ஒரு கோடாக் பிரவுனி கேமராவை வாங்கி வந்து கொடுத்தார். அதில்தான் கை பழகியது. பிலிம் கழுவுவதையும் பிரிண்ட் போடுவதையும் மவுண்டாகா டெம்பேலே என்ற உள்ளூர்ப் புகைப்படக்காரரிடம் கற்றுக்கொண்டார்.

குறைந்த செலவில் அந்த ஸ்டுடியோ எப்படி ஓடியது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 13-க்கு 18 சென்டிமீட்டர் நெகட்டிவ் தரும் பெரிய ஸ்டாண்டு கேமராவை அவர் பயன்படுத்தினார். நெகட்டிவை அப்படியே காகிதத்தின் மேல் வைத்து ஒளி காட்டினால் அதே அளவில் படம் கிடைத்துவிடும். பெரிதாக்கும் கருவிக்குச் செலவில்லை. பெரும்பாலான படங்களைப் பகல் வெளிச்சத்தில் எடுத்ததால் விளக்குச் செலவும் குறைந்தது. பிலிம் விலை அதிகம் என்பதால் ஓர் ஆளுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு சொடுக்குதான். முகத்தை எந்தப் பக்கம் திருப்புவது, கையை எங்கே வைப்பது என்று முன்கூட்டியே பார்த்துப் பார்த்து அமர்த்தினார். தோளைச் சற்றுச் சாய்த்து, முகத்தை முக்கால் பங்கு திருப்பி உட்காரவைக்கும் அந்தத் தோரணை இந்தக் கவனத்தில் விளைந்தது என்றே தோன்றுகிறது. ஒரே வாய்ப்பு என்று தெரிந்தவனின் கை நிதானம் அந்தப் படங்களில் இருக்கிறது.

அந்த விரிப்பு சில ஆண்டுகள் உழைத்தது. பிறகு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்போட்டது, இலைக்கொடி போட்டது என்று துணி மாறியது. வந்த பெண்களின் ஆடையிலும் பெரிய பெரிய பூவேலை. சில படங்களில் துணியும் ஆடையும் ஒன்றோடொன்று கலந்து, முகமும் கைகளும் மட்டும் தனியே எழும்பி நிற்கின்றன. அப்படிப் பொருந்தியது தற்செயல்தான் என்று கெய்த்தாவே சொல்லியிருக்கிறார். பல்லாண்டுகள் கழித்து, எந்தப் படம் எந்தக் காலத்தது என்று அடையாளம் சொல்ல அவருக்குக் கைகொடுத்தவையும் இந்தத் துணிகளே.

ரயில் நிலையம் பக்கத்தில் இருந்ததால் வெளியூர்க்காரர்களும் வந்தார்கள். கோட்டு இல்லாதவருக்குப் போட்டுக்கொள்ள மூன்று ஐரோப்பிய சூட்டுகளை, டை, ஷூ, தொப்பியோடு தயாராக வைத்திருந்தார். கைக்கடிகாரம், பேனா, ரேடியோ எல்லாம் கேட்டால் கிடைக்கும். இதைப் போலி ஆடம்பரம் என்று ஒதுக்குவது சரியல்ல. காலனி ஆட்சியின் கடைசி ஆண்டுகளில், தான் எப்படித் தெரிய வேண்டும் என்பதை அந்த மக்கள் தாங்களே தீர்மானித்த இடம் அது.

1960-ல் மாலி விடுதலை பெற்றது. புதிய அரசு கெய்த்தாவைத் தன் புகைப்படக்காரராக அழைத்துக்கொள்ள, சில ஆண்டுகளில் ஸ்டுடியோ மூடப்பட்டது. நெகட்டிவ்கள் ஆயிரக்கணக்கில் பெட்டிகளில் கிடந்தன. 1991-ல் நியூயார்க் கண்காட்சி ஒன்றில் அவர் எடுத்த படங்கள் சில, எடுத்தவர் பெயர் தெரியாதவை என்ற குறிப்போடு தொங்கின. அதையடுத்து ஆந்திரே மாக்னென் என்ற பிரெஞ்சுக்காரர் பமாக்கோவுக்கு வந்து கெய்த்தாவைக் கண்டுபிடித்தார். 1994-ல் பாரிஸின் கார்த்தியே அறக்கட்டளை அவருக்கென்று தனிக் கண்காட்சி நடத்தியது. 2001-ல், பாரிஸில் இருந்தபோது, கெய்த்தா இறந்தார்.

அருங்காட்சியகங்களில் இன்று சுவரளவுக்குப் பெரிதாக்கிய பிரிண்ட்களே அதிகம் கண்ணில் படுகின்றன. அவற்றின் அழகை மறுக்க முடியாது. ஆனாலும் காசு கொடுத்தவர் வாங்கிப்போன படம் கைக்கு அடக்கமானது; பின்பக்கத்தில் கெய்த்தாவின் பெயர் பொறித்த ரப்பர் முத்திரை விழுந்தது. ஒரு கண்காட்சியிலாவது அந்தச் சிறிய பிரிண்ட்களை முன்னால் வைக்க வேண்டும்.