பிடியரிசியும் திருவிருந்தும்



என் பாட்டி உலை வைக்கும்போதெல்லாம் அரிசிப் பானையிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார். அது கோயிலுக்கு. வீட்டில் கஞ்சிக்கே அரிசி தட்டுப்பட்ட நாளிலும் அந்தப் பிடி தவறியதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊர்த்தெரு அரிசியும் எங்கள் தெரு அரிசியும் ஒரே சாக்கில் கொட்டப்படும். கொட்டிய பிறகு எது யார் வீட்டு அரிசி என்று பிரிக்க முடியாது. ஆனால் அதே ஆராதனையில் திருவிருந்து வாங்க என் பாட்டி கடைசி வரிசையில்தான் போவார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "நமக்குக் கடைசிதானே பாப்பா வழக்கம்" என்றார். அந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனதன் பலன்தான் இன்றைய உரை.

சமூகவியல் படித்தவள் என்ற முறையில் ஒன்று சொல்வேன். ஒரு சமயத்தின் வரலாற்றை அதன் கொள்கை நூல்களில் மட்டும் தேடக் கூடாது. யார் எங்கே உட்கார்ந்தார்கள், யார் கையால் யார் வாங்கினார்கள், யார் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்பதிலும் தேட வேண்டும்.

தரங்கம்பாடியிலிருந்து தொடங்குவோம். லுத்தரன் மிஷன் 1706இல் அங்கே பணியைத் தொடங்கியது. தஞ்சை அரசரின் படையில் இருந்த இராஜநாயக்கன் என்ற பறையர், தமிழில் அச்சான வேதப் பகுதிகளைப் படித்து அந்தச் சபைக்கு வந்தவர். தஞ்சைப் பகுதியில் ஊர் ஊராக நடந்து சபைகளை வளர்த்த உபதேசியார். உள்ளூர்க்காரர் ஒருவருக்குக் குருப்பட்டம் கொடுக்கலாம் என்ற பேச்சு வந்தபோது அவர் பெயரும் எழுந்தது. பட்டம் பெற்றவரோ வெள்ளாளரான ஆரோன். ஆண்டு 1733. இராஜநாயக்கனின் பக்தியிலோ உழைப்பிலோ மிஷனரிகள் குறை காணவில்லை. அவர் கையால் திருவிருந்து கொடுத்தால் மேல்சாதிக் கிறித்தவர்கள் அதை மதிக்கமாட்டார்கள் என்று தயங்கினார்கள். அப்பத்தைவிட அதை நீட்டும் கையின் சாதி பெரிதாகிப்போனது. அவர் உபதேசியாராகவே தொடர்ந்தார்.

நூறு ஆண்டு கழித்து, 1833இல், கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் சபைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். ஆராதனையிலும் திருவிருந்திலும் சாதி வேறுபாடு உடனே, முழுவதுமாக ஒழிய வேண்டும் என்றார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் வெள்ளாளக் கிறித்தவர்கள் கொதித்தார்கள். பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். 'பெத்தலேகம் குறவஞ்சி' பாடிய வேதநாயக சாஸ்திரியாரும் எதிர்த்தவர்களில் ஒருவர். சாதி உலக வழக்கு, அதற்கும் விசுவாசத்துக்கும் சம்பந்தமில்லை என்பது அந்தத் தரப்பின் வாதம். தமிழ்க் கிறித்தவ இலக்கியத்துக்கு அவர் அளித்த கொடையை நான் மறுக்கவில்லை. அந்தக் கவிக்குக்கூட நம் முன்னோரோடு சேர்ந்து உட்காருவது கடினமாக இருந்தது என்பதையும் மறைக்கமாட்டேன்.

மதுரையில் அமெரிக்க மிஷன் 1847இல் இன்னும் ஒரு படி மேலே போனது. சாதியைக் கைவிட்டதற்கு அடையாளமாகச் சேர்ந்து உண்ண வேண்டும் என்றது. மறுத்தவர்கள், உபதேசியார்கள் உட்பட, விலக்கப்பட்டார்கள். நல்ல முடிவுதான். ஆனால் இதிலும் ஒன்றைக் கவனியுங்கள். சோதனைக்கு உள்ளானது மேல்சாதியாரின் விசுவாசம். சோதிக்கும் கருவியாக இருந்தது நம் கைச்சோறு. அந்தச் சோற்றை ஆக்கியவர்கள் என்ன நினைத்தார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

கத்தோலிக்கத் திருச்சபையின் கதையும் வேறல்ல. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கோயில் இரண்டு கால் விரித்த கால்சட்டை போலக் கட்டப்பட்டது. வெள்ளாளர் ஒரு பக்கம், நாடார் மறு பக்கம், இரண்டும் சேரும் இடத்தில் பீடம். நடுவில் இருந்த சுவரை 1910இல் கௌசானல் அடிகளார் இடித்தார். வெள்ளாளர்கள் நீதிமன்றம் போனார்கள். கோயிலுக்குள் சாதி உரிமை கோர முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்காடிய இரண்டு தரப்பிலும் நாம் இல்லை. ஆனாலும் அந்தத் தீர்ப்பு நமக்கும் உரியது.

இதுவரை சொன்னவற்றில் நம்மைப் பற்றி மற்றவர்களே முடிவெடுத்தார்கள். அதைப் புரட்டிப்போட்டவர்களில் ஒருவர் ஜேம்ஸ் தியோபிலஸ் அப்பாவு, நம்மவர்கள் அழைத்த பெயரில் பறட்டை அண்ணன். மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியர், 2005இல் மறைந்தார். தீட்டு என்று ஒதுக்கப்பட்ட பறையையும் கிராமத்து மெட்டையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தார். கடவுளைப் 'பெத்தவரே' என்று சேரிப் பேச்சில் கூப்பிட்டார். ஓருலை என்பதைத் தன் இறையியலின் நடுவில் வைத்தார்: ஒரே உலையில் பொங்கியதைச் சேர்ந்து உண்பது. சேர்ந்து உண்ணுங்கள் என்று மிஷனரி ஆணையிட்டதற்கும், வாருங்கள் என்று நம்மில் ஒருவரே பந்திக்கு அழைப்பதற்கும் உள்ள தூரம் பெரிது.

வேலை முடியவில்லை. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை கிறித்தவரான தலித்துகளைப் பட்டியல் சாதிக்கு வெளியே நிறுத்தியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் உள்ளே வந்தார்கள். நாம் இன்னும் வெளியேதான். கிறித்தவத்தில் சாதி இல்லை என்கிறது அரசு. என் பாட்டியை ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அல்ல, ஓடைக்கு அப்பால் எங்களுக்கென்று ஒதுக்கிய துண்டு நிலத்தில் புதைத்தோம். இரண்டில் எது உண்மை என்று உங்களுக்குத் தெரியும்.

அந்தக் கலயம் இப்போது என் வீட்டில் இருக்கிறது. பாட்டி விசுவாசத்தைப் பற்றி ஒரு வார்த்தை விளக்கியதில்லை. நாள்தோறும் ஒரு பிடி போட்டார். அந்த அரிசி சாக்குக்குள் சாதி பார்க்காமல் கலந்தது. அதைப் பொங்கிய பிறகும் அப்படியே ஒரே பந்தியில் பரிமாற வேண்டும், இறந்த பிறகும் ஒரே மண்ணில் கிடத்த வேண்டும். சபையிடம் நாம் கேட்பது இவ்வளவுதான்.