சினிமா ராணியும் ஒரு மார்க் கேள்வியும்

எந்த க்விஸ்ஸிலும் வரும் கேள்விதான். தமிழின் முதல் பேசும் படம் எது? காளிதாஸ். முதல் கதாநாயகி யார்? டி.பி.ராஜலட்சுமி. பஸ்ஸரை அழுத்தி மார்க் வாங்கினவர் அடுத்த கேள்விக்குப் போயிடுவார், நாமும்தான். அந்த ஒரு மார்க்குக்குப் பின்னாடி ஒரு முழு வாழ்க்கை இருக்கு. இந்தப் பதிவு அதைப் பத்தித்தான். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க :-)

ராஜலட்சுமி 1911-ல் திருவையாற்றில் பிறந்தவர். டி.பி. என்பது திருவையாறு பஞ்சாபகேசன். ஆசாரமான பிராமணக் குடும்பம். அந்தக் கால வழக்கப்படி பால்ய விவாகம், அது நிலைக்கவில்லை. அப்பாவும் காலமாகிவிட, அம்மாவோடு திருச்சிக்கு வந்து சாமண்ணா ஐயரின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். வயது பத்து, பதினொண்ணு இருக்கும்.

இன்னிக்கு இதைப் படிக்கும்போது "சரி, நடிக்கப் போனாங்க" என்று கடந்து போகலாம். அன்னிக்கு அப்படி இல்லை. மெட்ராஸில் வக்கீல்களும் ஆபீசர்களும் சேர்ந்து நடத்தின சுகுண விலாச சபாவில் பெண் வேஷம் கட்டியது ஆண்கள்தான். பம்மல் சம்பந்த முதலியார் காலத்து கௌரவமான நாடகம் என்றால் அதுதான். தொழில்முறைக் கம்பெனி என்றாலே முகம் சுளிப்பார்கள். அதில் ஒரு பெண், அதுவும் அக்ரஹாரத்துப் பெண், மேடை ஏறினால் சொந்தக்காரர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று நம்ம பாட்டிகளைக் கேட்டாலே போதும்.

ஆனால் மேடை அவருக்கு ஒரு நல்ல காரியம் செய்தது. மைக் இல்லாத காலம். பாட்டு கொட்டகையின் கடைசி வரிசைக்கும் போய்ச் சேரணும். அந்தத் தொண்டையை வைத்துத்தான் பேர் வாங்கினார். அப்படிப்பட்டவரைத்தான் சினிமா கூப்பிட்டது. என்ன சினிமா? வாயைத் திறந்தாலும் சத்தம் வராத சினிமா!

நம்ம ஊர் ஊமைப் படக் கதையைக் கொஞ்சம் சொல்லிடறேன். 1917 - 18 வாக்கில் நடராஜ முதலியார், வெள்ளைத்துணியைக் கட்டி வெயிலை வடிகட்டி அந்த வெளிச்சத்தில் "கீசக வதம்" எடுத்தார். அதுதான் தென்னிந்தியாவின் முதல் கதைப் படம். நடிக்கப் பெண் கிடைப்பதுதான் பெரும்பாடு. 1913-ல் பால்கே எடுத்த "ராஜா ஹரிச்சந்திரா"வில் தாராமதியாக நடித்தது சாலுங்கே என்ற ஆண். அப்புறம் ஆங்கிலோ இந்தியப் பெண்கள் வந்தார்கள். பாஷை தெரியவேண்டிய அவசியம் இல்லை, முகம் இருந்தால் போதும். ரூபி மையர்ஸ் என்ற பெண் பம்பாயில் "சுலோசனா" ஆகி நாடு முழுக்கக் கொடி நாட்டினது அப்படித்தான்.

தமிழ் மேடையிலிருந்து ஊமைப் படத்துக்குப் போன பெண்கள் குறைவு. அதில் ராஜலட்சுமி ஒருவர். 1929-ல் ஏ.நாராயணனின் ஜெனரல் பிக்சர்ஸ் கார்ப்பரேஷன் எடுத்த "கோவலன்" படத்தில் மாதவி. பிறகு ராஜா சாண்டோ இயக்கத்தில் "உஷா சுந்தரி". படம் ஓடும்போது பக்கத்தில் ஒருத்தர் நின்று கதை சொல்வார், திரையில் வரும் எழுத்து அட்டைகளைப் படிப்பார், ஆர்மோனியம், தபேலா வாசிப்பார்கள். ஜனங்கள் மாதவியைப் பார்த்தார்கள், ஆனால் கேட்டது வேற யாரோ ஒருத்தரின் குரல். ஊருக்கே தெரிந்த பாட்டுக்காரி திரையில் உதட்டை மட்டும் அசைத்தார்.

இதை ஒரு நஷ்டமாகப் பார்க்கலாம். நான் அப்படிப் பார்க்கலை. மேடையில் கத்திப் பழகினவர், காமிரா முன்னாடி கண்ணால் நடிக்கக் கற்றுக்கொண்டது இங்கேதான். 1931-ல் சத்தம் வந்தபோது நிலைமை தலைகீழ். ஆங்கிலோ இந்திய நட்சத்திரங்களுக்குத் தமிழ் தெரியாது. மேடைப் பாடகிகளுக்குக் காமிரா தெரியாது. ரெண்டும் தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். ராஜலட்சுமி அந்த வரிசையில் முன்னாடி நின்றார்.

முதலில் குறத்தி நடனமும் பாட்டுமாக ஒரு குறும்படம். அப்புறம் எச்.எம்.ரெட்டி இயக்கிய "காளிதாஸ்". எடுத்தது பம்பாயில், "ஆலம் ஆரா"வை எடுத்த அர்தேஷிர் இரானியின் ஏற்பாட்டில். 1931 அக்டோபர் 31-ல் மெட்ராஸ் கினிமா சென்ட்ரலில் வெளியானது. ஜார்ஜ் டவுன் பக்கம், பிற்பாடு முருகன் தியேட்டர் ஆச்சே, அதேதான். நம்ம தி.நகர் ஏரியைத் தூர்த்து மனை போட்டு அப்போதான் சில வருஷம் ஆகியிருந்தது.

படத்தில் கதாநாயகி பேசுவது தமிழ். கதாநாயகன் தெலுங்கு. பூசாரியாக வந்த எல்.வி.பிரசாத் பேசினது இந்தி. தமிழ்ப் படம் என்று நாம் இன்று காளிதாஸைக் கொண்டாட முடிகிறது என்றால், அதில் பெரும்பங்கு ராஜலட்சுமி வாயிலிருந்து வந்த தமிழுக்குத்தான். அவர் பேசலைன்னா தமிழ் சினிமாவின் பிறந்த நாள் அக்டோபர் 31 ஆக இருக்குமா என்பதே சந்தேகம்.

இன்னொரு வேடிக்கை. காளிதாசன் காலத்து இளவரசி அவர். ஆனால் படத்தில் காந்தியின் கைராட்டையைப் பற்றி மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதின பாட்டைப் பாடுகிறார். கதைக்கும் ராட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கலை. படம் வெளியான அன்று காந்தி லண்டனில், வட்டமேஜை மாநாட்டுக்காகப் போயிருந்தார். நாடக மேடையில் இந்த மாதிரி தேசபக்திப் பாட்டுகளை நடுவில் செருகிப் பழகினவர்கள், வந்த முதல் நாளே சினிமாவிலும் செருகிட்டார்கள். நம்ம சினிமாவும் அரசியலும் ஒட்டிப் பிறந்த குழந்தைகள் என்று சும்மாவா சொல்கிறோம்.

1933-ல் "வள்ளி திருமணம்". கோவை சாமிக்கண்ணு வின்சென்ட் கல்கத்தா கம்பெனியோடு சேர்ந்து எடுத்தது. இயக்கம் பி.வி.ராவ். ராஜலட்சுமி வள்ளி. சக்கைப்போடு போட்டது. "சினிமா ராணி" பட்டம் வந்தது. கீழ்ப்பாக்கத்தில் வீடு வந்தது, பேர் ராஜமஹால். கூட நடித்த டி.வி.சுந்தரத்தை மணந்துகொண்டார். பால்ய விவாகம் முறிந்து போன ஒரு பெண் தானே விரும்பி இன்னொரு கல்யாணம் செய்வது அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய சங்கதி!

இது வரைக்கும் வந்ததெல்லாம் க்விஸ் கேள்விக்குள் அடங்கிடும். எனக்கு முக்கியமாகப் படுவது இதுக்கு அப்புறம் நடந்ததுதான்.

ராஜலட்சுமி நாவல் எழுதியிருக்கிறார். "கமலவல்லி" என்று ஒன்று. 1936-ல் ஸ்ரீ ராஜம் டாக்கீஸ் என்று சொந்தக் கம்பெனி தொடங்கி அந்த நாவலை "மிஸ் கமலா" என்று படமாக எடுத்தார். கதை அவர், தயாரிப்பு அவர், இயக்கம் அவர், கதாநாயகியும் அவர். தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர். வயது இருபத்தஞ்சைத் தாண்டலை. ஊரே புராணப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, விருப்பத்துக்கு மாறான கல்யாணத்தைப் பற்றி ஒரு சமூகக் கதை.

அதே 1936-ல்தான் "சதிலீலாவதி" படத்தில் ஒரு சின்ன இன்ஸ்பெக்டர் வேஷத்தில் எம்.ஜி.ஆர். அறிமுகமானார். இன்னிக்கு எது நமக்கு ஞாபகம் இருக்கு? சதிலீலாவதி என்றதும் டக்கென்று சொல்கிறோம். மிஸ் கமலா என்றால் "இங்கிலீஷ் படமா?" என்கிறார்கள்.

இதுக்கு முன்னாடி உலகத்தில் யாரும் செய்யலையா என்றால், செய்தார்கள். பிரான்ஸில் ஆலிஸ் கை 1896-லேயே படம் எடுத்தார். பம்பாயில் ஊமைப் பட நடிகை ஃபாத்மா பேகம் சொந்தக் கம்பெனி வைத்து 1926-ல் ஒரு படத்தை இயக்கினார். இந்தியாவின் முதல் பெண் இயக்குநர் அவர்தான். மெட்ராஸிலேயே, ராஜலட்சுமியை ஊமைப் படத்தில் போட்ட அதே ஏ.நாராயணனின் மனைவி மீனா, 1934-ல் வந்த "சீனிவாச கல்யாணம்" படத்தில் ஒலிப்பதிவில் உட்கார்ந்தார். சென்னையிலேயே தயாரான முதல் பேசும் படம் அது.

கவனியுங்க. சினிமா புதுசாக இருந்தபோது, எது ஆம்பளை வேலை, எது பொம்பளை வேலை என்று யாரும் கோடு போட்டிருக்கலை. தைரியமும் காசும் இருந்தால் உள்ளே போகலாம். தொழில் பெரிசாகி, ஸ்டூடியோவும் ஃபைனான்சியரும் வந்த பிறகு கதவு சாத்திக்கொண்டது.

முழுசாகச் சாத்தலை என்பதற்கு எங்க தி.நகரிலேயே ரெண்டு அத்தாட்சி உண்டு. வைத்தியராமன் தெருவில் பானுமதி இருந்தார், 1953-ல் "சண்டிராணி"யை மூணு மொழியில் இயக்கினார். ஹபிபுல்லா ரோட்டில் சாவித்திரி இருந்தார், 1968-ல் தெலுங்கில் "சின்னாரி பாப்பலு"வில் தொடங்கி, 1971-ல் தமிழில் "பிராப்தம்" வரை இயக்கினார், கையில் இருந்ததைத் தொலைத்தார். ரெண்டு பேரும் முதலில் நட்சத்திரம் ஆகி, சொந்தப் பணத்தைப் போட்டுத்தான் இயக்குநர் நாற்காலியில் உட்கார முடிந்தது. அந்த வழியை முதலில் வெட்டினவர் ராஜலட்சுமி.

முதல் கதாநாயகி என்பது அவருக்கு வந்த வாய்ப்பு. பாடவும் நடிக்கவும் தெரிந்த ஆள் தேவைப்பட்டது, அவர் இருந்தார். மிஸ் கமலா அவர் எடுத்த முடிவு. யாரும் கூப்பிடலை, யாருக்கும் தேவைப்படலை. வாய்ப்பை நாம் பாடப் புத்தகத்தில் வைத்திருக்கிறோம், முடிவை அடிக்குறிப்பில் தள்ளிட்டோம்.

1930களின் கடைசியில் "மதுரை வீரன்" எடுத்தார். (எம்.ஜி.ஆர். படத்துக்குப் பல வருஷம் முன்னாடி.) நாற்பதுகளில் படங்கள் குறைந்தன. கடைசி வருஷங்கள் ராணி மாதிரி இல்லை. 1964-ல் காலமானார்.

சரி, அவர் படங்களைப் பார்க்கலாமா? கோவலன் இல்லை. காளிதாஸ் இல்லை. மிஸ் கமலா இல்லை. அந்தக் கால பிலிம் நைட்ரேட்டில் ஆனது, சுலபத்தில் தீப்பிடிக்கும், வைத்திருந்தாலே பொடிந்து போகும். ஓடி முடிந்த படத்தை அதில் இருக்கும் வெள்ளிக்காக உருக்கினவர்களும் உண்டு. மெட்ராஸ் மாகாணத்திலும் திருவிதாங்கூரிலும் எடுத்த ஊமைப் படங்களில் இன்னிக்குப் பார்க்கக் கிடைப்பது 1933-ல் வந்த "மார்த்தாண்ட வர்மா". அதை இயக்கினவர் வள்ளி திருமணம் எடுத்த அதே பி.வி.ராவ். அது எப்படித் தப்பித்தது தெரியுமா? நாவலின் உரிமை பற்றி வழக்குப் போட்டு புத்தகக் கம்பெனி பிரிண்டைப் பறிமுதல் செய்ய வைத்தது. குடோனில் கிடந்தது, 1974-ல் புனே திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போனது. வெற்றிகரமாக ஓடின படங்கள் எல்லாம் அழிந்தன, கேஸில் மாட்டின படம் பிழைத்தது. ராஜலட்சுமி மேல் யாராவது கேஸ் போட்டிருக்கலாம் என்று தோணுது.

எங்க பேட்டையில் சினிமாக்காரர் நினைவுக்குக் குறைவில்லை. ஆற்காடு தெருவில் எம்.ஜி.ஆர். நினைவு இல்லம், ஜி.என்.செட்டி ரோட்டில் கலைவாணர் சிலை, பனகல் பார்க்கில் நாகையா சிலை, அடையாறில் 2017-ல் திறந்த சிவாஜி மணிமண்டபம். எல்லாரும் தகுதியானவர்கள்தான், வேண்டாம் என்று சொல்லலை. எல்லாரும் ஆண்கள் என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

சிலை வைக்கணும் என்று நான் கேட்கலை. காக்கா உட்காரத்தான் உதவும். நம்மால் ஆனது ஒண்ணு இருக்கு. படம் போனாலும் காகிதம் மிஞ்சும். அந்தக் காலத்தில் ஒவ்வொரு பேசும் படத்துக்கும் கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் விற்றார்கள். அட்டைப்படம், நடிகர் பட்டியல், கதைச் சுருக்கம், பாட்டு எல்லாம் அதில் இருக்கும். பழைய தமிழ் சினிமாவைப் பற்றி தியடோர் பாஸ்கரன் மாதிரி ஆட்கள் எழுத முடிந்ததே இந்த மாதிரி காகிதங்களை வைத்துத்தான். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுக்கச் சேர்த்ததுதான் இன்னிக்குத் தரமணியில் நூலகமாக இருக்கு.

மயிலாப்பூர், மாம்பலம் பக்கம் பழைய வீடுகளை இடித்து ஃப்ளாட் கட்டுவது தினம் நடக்கிறது. பரணில் தாத்தாவின் டிரங்க் பெட்டி இருந்தால், கிலோ கணக்கில் பழைய பேப்பர் கடைக்குப் போடுவதற்கு முன்னாடி ஒரு தடவை திறந்து பாருங்க. பாட்டுப் புத்தகமோ, நோட்டீஸோ, பழைய சினிமாப் பத்திரிகையோ கிடைத்தால் தரமணிக்கு ஒரு ஆட்டோ பிடிங்க. அதில் டி.பி.ஆர். பேர் இருந்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்க.