பாதரசம் தீர்ந்த நாட்டில் ஒரு செப்புத் தொப்பி



அமெரிக்காவில் இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் போனில் ஒரு கேள்வி கேட்டார். கொரோனா காலத்தில் அங்கே தோட்டாவுக்கான பிரைமர் கடைகளில் கிடைக்காமல் போய், சொந்தமாகத் தோட்டா நிரப்பிக்கொள்பவர்கள் ஒரு வகைக்குப் பதில் இன்னொரு வகையைப் போடலாமா என்று தவித்தார்களாம். "சார், சரித்திரத்தில் இதற்கு முன்னால் இப்படி நடந்திருக்கிறதா?" என்றார். நடந்திருக்கிறது, அதே அமெரிக்காவில். அதுவும் ஒரு முழு ராணுவத்துக்கே.

முதலில் பிரைமர் என்றால் என்ன? துப்பாக்கி மருந்து தானாகப் பற்றாது, அதற்கு ஒரு பொறி வேண்டும். பழைய துப்பாக்கிகளில் சிக்கிமுக்கிக் கல் அந்த வேலையைச் செய்தது. மழை பெய்தால் அது படுத்துவிடும். ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத், அடித்தாலே தீப்பற்றும் ஒரு ரசாயனத் தூளைக் கொண்டு சுடும் முறைக்கு 1807-இல் காப்புரிமை பெற்றார். பின்னால் அந்தத் தூளைச் சின்னஞ்சிறு செப்புத் தொப்பிக்குள் வைத்தார்கள். அதற்குக் கேப் என்று பெயர். தீபாவளிக்குப் பிள்ளைகள் வெடிக்கும் பொட்டுக் கேப் இதன் தூரத்துச் சொந்தம்தான். ஃபோர்சைத்தின் தூளில் முக்கியச் சரக்கு பொட்டாசியம் குளோரேட். பிறகு அதன் இடத்தை மெர்குரி ஃபல்மினேட் பிடித்துக்கொண்டது. இந்த வரிசையை நினைவில் வையுங்கள்.

1861 ஏப்ரலில் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. அடிமை முறையைக் காப்பாற்றப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் துறைமுகங்களை, லிங்கன் அரசு கடல் முற்றுகையால் அடைக்கத் தொடங்கியது. ஆலைகள் பெரும்பாலும் வடக்கே இருந்தன. தெற்கில் விளைந்தது பருத்தி. ஆயுதத் துறைக்குத் தலைவராக வந்த ஜோசையா கோர்காஸ், வேடிக்கை என்னவென்றால், வடக்கே பென்சில்வேனியாவில் பிறந்தவர். (பனாமா கால்வாய் வெட்டும்போது மஞ்சள் காய்ச்சலை ஒழித்த டாக்டர் கோர்காஸ் இவருடைய மகன். தகப்பன் தோட்டா செய்தார், பிள்ளை கொசுவைக் கொன்றார்.) ஆய்வுக்கூடங்களைக் கவனித்தவர் ஜான் மாலட். டப்ளினில் பிறந்த வேதியியல் பேராசிரியர். ஜார்ஜியாவின் அகஸ்டா நகரில் ஜார்ஜ் ரெயின்ஸ் கட்டிய வெடிமருந்து ஆலை 1862 ஏப்ரலில் உற்பத்தியைத் தொடங்கியது.

மருந்து தயார், ஈயக் குண்டும் தயார். ஆனால் அன்றைய துப்பாக்கியில் ஒவ்வொரு சூட்டுக்கும் ஒரு கேப் வேண்டும். கேப் இல்லாவிட்டால் துப்பாக்கி வெறும் இரும்புத் தடிதான். கேப்புக்கு ஃபல்மினேட் வேண்டும், ஃபல்மினேட்டுக்குப் பாதரசம் வேண்டும். பாதரசம் மெக்சிகோவிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1863 ஜூலை 4 அன்று விக்ஸ்பர்க் கோட்டை விழுந்தது. சில நாட்களில் மிசிசிப்பி ஆறு முழுவதும் வடக்கத்தியர் கைக்குப் போனது. மெக்சிகோ சரக்கு அந்த ஆற்றைத் தாண்டித்தான் வர வேண்டும். வழி அடைபட்டது.

வேறு சரக்கு தேடிப் பரிசோதனைகள் செய்தார்கள். கடைசியில் தேறியது பொட்டாசியம் குளோரேட்டும் ஆண்டிமனி சல்ஃபைடும் சேர்ந்த கலவை. நம் வீட்டுத் தீக்குச்சித் தலையிலும் குளோரேட்தான் இருக்கிறது. புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பாதிரியார் விட்ட இடத்துக்கே திரும்பிப் போனார்கள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

குளோரேட்டுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. எரிந்த பிறகு பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பை விட்டுச்செல்லும். கடற்கரை ஊர்களில் ஜன்னல் கம்பிக்கு என்ன ஆகிறதோ, அதேதான் குழலுக்கும் ஆகும். ஈரத்தை இழுத்து இரும்பைத் துருவேற்றும். ஆனால் அன்று பயன்பட்டது கருமருந்து. அதன் கரியையும் கசட்டையும் போக்க எப்படியும் தண்ணீர் விட்டுக் கழுவியாக வேண்டும். அந்தத் தண்ணீரில் உப்பும் கரைந்து போய்விடும். அதனால் மாற்றுச் சரக்கு சமாளித்துவிட்டது. புகையில்லா மருந்து வந்து, கழுவும் பழக்கம் விட்டுப்போன பிறகுதான் துரு பெரிய தொல்லையாகத் தெரிந்தது. இத்தனைக்கும் பிற்காலத்தில் அமெரிக்க ராணுவமே பாதரசத்தை விட்டுவிட்டுக் குளோரேட் பிரைமருக்கு மாறி, இரண்டாம் உலகப் போரிலும் பெரும்பாலும் அதையே பயன்படுத்தியது. பாதரசம் பித்தளைத் தோட்டாக்கூட்டை நொறுங்கச் செய்துவிடும் என்பது ஒரு காரணம்.

சரக்குப் பிரச்சினை தீர்ந்ததும் செம்புப் பிரச்சினை வந்தது. 1863 நவம்பரில் சட்டனூகாவில் தோற்றதும், டென்னசி மாநிலத்து டக்டவுன் செப்புச் சுரங்கங்கள் கைவிட்டுப் போயின. வெண்கலப் பீரங்கி வார்ப்பதை உடனே நிறுத்தினார்கள். இருக்கிற செம்பெல்லாம் கேப்புக்கே என்று ஒதுக்கியும் போதவில்லை. வட கரோலினாவில் டர்பன்டைன் வடிக்கவும் ஆப்பிள் பிராந்தி காய்ச்சவும் வைத்திருந்த செப்பு அண்டாக்களைச் சேகரித்து ரிச்மண்டுக்கு அனுப்பினார்கள். போரின் கடைசி ஓராண்டில் சுட்ட கேப்புகள் அந்தச் சாராய அண்டாக்கள்தான்!

இவ்வளவையும் படித்தால் யாருக்கும் கோர்காஸ் மேல் ஒரு மதிப்பு வரும். எனக்கும் வருகிறது. ஆனால் அந்தத் திறமை எதற்குச் செலவானது என்பதை மறக்க முடியவில்லை. வெடியுப்பு எடுக்கும் வேலையில் அடிமைகளாக வைக்கப்பட்ட கறுப்பின மக்களையும் இறக்கினார்கள். அவர்களை அடிமைகளாகவே வைத்திருக்கத்தான் அந்தப் போரே நடந்தது.

கேப்பும் தோட்டாவும் செய்தவர்கள் யார் தெரியுமா? ரிச்மண்டில் ஜேம்ஸ் ஆற்றின் நடுவே பிரவுன்ஸ் தீவு என்று ஒன்று இருக்கிறது. அங்கிருந்த ஆயுதக்கூடத்தில் பெரும்பாலும் பெண்களும் சிறுமிகளும் வேலை செய்தார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகள். நான் பாடம் நடத்திய ஆறாம் வகுப்பு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வயதில் பலர். சின்ன விரல், குறைந்த கூலி. 1863 மார்ச் 13, வெள்ளிக்கிழமை. மேரி ரயான் என்ற பதினெட்டு வயதுப் பெண், பீரங்கிக்கான உரசல் பிரைமர்கள் செருகிய ஒரு பலகையைக் கையாண்டுகொண்டிருந்தாள். பிரைமர் ஒன்று பலகையில் இறுகிக்கொண்டது. அதைக் கழற்றப் பலகையை மேசையில் தட்டினாள். அறையில் மருந்து திறந்து கிடந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மேரியும் சில நாட்களில் இறந்துபோனாள். நடந்ததைச் சாவதற்கு முன் அவளே சொன்னதால்தான் நமக்குத் தெரிகிறது.

அது பாதரசம் தீருவதற்குச் சில மாதங்களுக்கு முந்தைய விபத்து. ஆனால் பீரங்கியின் அந்த உரசல் பிரைமருக்குள் இருந்ததும் இதே குளோரேட்டும் ஆண்டிமனியும்தான். கூரையைச் சரிசெய்து, சில வாரங்களில் வேலையை மறுபடி தொடங்கிவிட்டார்கள். மேசைகளில் மீண்டும் வந்து உட்கார்ந்தவர்களும் பெண்கள்தான்.