சம்பா கோவில்: நான்கு கட்டடங்களும் ஒரு தடுப்புச் சுவரும்

புதுச்சேரி மிஷன் வீதியில் உள்ள பேராலயத்துக்குத் திருச்சபை ஏடுகளில் தூய ஜென்மராக்கினி அன்னை பேராலயம் என்று பெயர். ஆட்டோக்காரரிடம் ‘சம்பா கோவில்’ என்றால்தான் போய்ச் சேரலாம். இந்தச் சம்பா நெல்லோடு தொடர்புடையதன்று. கோவாவில் புனித பவுல் கல்லூரி நடத்திய இயேசு சபையாரைப் பவுலின் பெயராலேயே அழைத்தனர். ‘சான் பாவுலு’ தமிழ் வாயில் சம்பாவு ஆகி, சம்பா ஆயிற்று. சபை இங்கிருந்து அகன்று இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் பெயர் மாறவில்லை.

பெயருக்கு வாய்த்த ஆயுள் கட்டடத்துக்கு வாய்க்கவில்லை. 1692இல் எழுந்த முதல் கோயிலை, மறு ஆண்டே நகரைப் பிடித்த டச்சுக்காரர்கள் இடித்தனர். 1699இல் பிரெஞ்சுக்காரர் திரும்பியதும் அவசரமாக எழுப்பிய இரண்டாவது கோயில் உறுதியின்றிப் போனது. 1728 முதல் 1736 வரை கட்டிய மூன்றாவது கோயில்தான் ஆய்வாளருக்கு மிகுதியாகத் தீனி போடுவது. காரணம், அது முடிந்த அதே 1736இல்தான், பின்னாளில் பிரெஞ்சு ஆளுநரின் துபாஷியான (மொழிபெயர்ப்பாளர்) ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார்.

1745 அக்டோபரில் அவர் எழுதிய ஒரு குறிப்பு, எந்த வரைபடமும் தராத செய்தியைத் தருகிறது. கோயிலின் உள்ளே வடபுறத்தில் குறுக்கே ஒரு சுவர் இருந்தது. சுவருக்கு ஒருபுறம் பறையர் கிறிஸ்தவர்கள். மறுபுறம் சாதிக் கிறிஸ்தவர்களும் ஐரோப்பியரும் சட்டைக்காரர் எனப்பட்ட கலப்பினத்தாரும். பூசை ஒன்று, பீடம் ஒன்று, தரை மட்டும் இரண்டு. காரைக்காலிலிருந்து வந்த குரு ஒருவர் இதை ஏற்கவில்லை. ஒதுக்கப்பட்டவர்களும் பெரிய சாமியாரிடம் சென்று முறையிட்டார்கள். அவர் சுவரை இடிக்கச் சொன்னார். சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழ, விவகாரம் ஆளுநர் டூப்ளே வரை போயிற்று. பிள்ளை வைணவர், இந்தச் சண்டையில் அவருக்குச் சொந்த வழக்கு ஏதுமில்லை. அதனால்தான் இக்குறிப்பைக் கூடுதலாக நம்பலாம் என்பது என் கருத்து.

ஆனால் அடுத்திருந்த வேதபுரீசுவரர் கோயில் பற்றி எழுதும்போது அவரிடம் அந்த விலகல் இல்லை. 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் நகரை முற்றுகையிட்டிருந்த பரபரப்பில் அக்கோயில் இடிக்கப்பட்டது. இயேசு சபையாரும் டூப்ளேயின் மனைவியும் இதில் கொண்ட பங்கை அவர் மனவருத்தத்துடன் பதிந்துவைத்தார். ஈசுவரன் கோயில் பிறகு வேறிடத்தில் எழுந்தது. இன்று அது மகாத்மா காந்தி வீதியில் இருக்கிறது.

பிள்ளை 1761 ஜனவரி 12 அன்று காலமானார். நான்கே நாளில் நகரம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அவர்கள் நகரைத் தரைமட்டமாக்கியதில் சம்பா கோவிலும் விழுந்தது.

இப்போதிருப்பது நான்காவது கட்டடம். 1770இல் வேலை தொடங்கி 1791 ஜூன் 20இல் அர்ச்சிக்கப்பட்டது. இருபத்தோர் ஆண்டு இழுத்ததற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். கட்டத் தொடங்கிய இயேசு சபையை 1773இல் போப்பாண்டவர் கலைத்துவிட, 1776இல் பொறுப்பு பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபைக்கு வந்தது. 1778இல் ஆங்கிலேயர் மீண்டும் நகரைப் பிடித்தனர்.

முகப்பு பாரிஸின் வால்-த-கிராஸ் ஆலயத்தைப் பின்பற்றியது என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. இரட்டை இரட்டையாகத் தூண்கள், இரண்டு அடுக்கு, உச்சியில் முக்கோண முகடு ஆகியவற்றைப் பார்த்தால் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் பாரிஸ் முகப்பு கொரிந்தியத் தூண்களில் தொடங்குகிறது. இங்கே கீழடுக்கு அலங்காரம் குறைந்த டோரிக், மேலடுக்கு அயோனிக். இருபுறமும் நிற்கும் குட்டைக் கோபுரங்களும் பாரிஸ் முகப்பில் கிடையா. அங்கே கல் செய்த வேலையை இங்கே செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் செய்கின்றன. ஆகவே ‘நகல்’ என்ற சொல் பொருந்தாது. பாரிஸை நினைவில் வைத்துக்கொண்டு புதுச்சேரிக் கொத்தனாரை நம்பிக் கட்டியது எனலாம்.

1886இல் புதுவை உயர்மறைமாவட்டமானபோது இதுவே அதன் பேராலயமாயிற்று. இதைப் பற்றி வரும் கட்டுரைகள் பெரும்பாலும் முகப்போடு நின்றுவிடுகின்றன. இனி எழுத வருகிறவர்கள் பிள்ளையின் 1745ஆம் ஆண்டுக் குறிப்பைப் படித்துவிட்டு உள்ளே போக வேண்டும்.